மீன் கூடை, பால் கான் கண்காணிப்பு: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றும் கூடை, கிளிநொச்சியில் பால் சேரும் அலுமினியக் கான், வவுனியாவிலிருந்து தம்புள்ளைக்குப் பப்பாசி போகும் பெட்டி. மூன்றும் திரும்பத் திரும்பப் பயன்படுபவை. கண்காணிப்பில் மூன்றும் தரும் பிழைகளும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு நிரந்தர இலக்கம், அதன்மேல் ஒரு கியூஆர் கோட், ஸ்கேன் பண்ண ஒரு போன், பதிவுகள் சேர ஓர் எக்செல் தாள் அல்லது சிறிய செயலி என்று வைத்திருக்கும் வாடிகள் (கரையில் மீன் வாங்கிச் சேர்க்கும் இடங்கள்), சங்கங்கள், சேகரிப்பு நிலையங்களுக்கானது இது.

எது பிழைத்தாலும் ஸ்டிக்கரையும் போனையும்தான் முதலில் குறை சொல்வார்கள். உண்மையில், எது எங்கிருந்து வந்து எங்கே போனது என்ற தடம் அதிகம் அறுவது கூடை வெறுமையாகும் இடத்தில். அறிகுறி 3 நீளமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

தேடத் தொடங்குமுன் ஒரு வேலை: எந்தப் படகு, எந்தப் பண்ணை என்று சொல்ல முடியாத பொருள் கையில் இருந்தால் அதைத் தனியே ஒதுக்கி, ஐஸ் போட்டு, "அனுப்பக்கூடாது" என்று எழுதிக் கட்டிவிடுங்கள். பிழை பிடிபடும்வரை அது லொறியில் ஏறக்கூடாது.

அறிகுறி 1: ஸ்கேன் வாசிக்கவே மாட்டேன் என்கிறது

*ஒரு போனில் மட்டும் என்றால்* கமராக் கண்ணாடியைத் துடையுங்கள். மீன் கொழுப்பு படிந்திருக்கும், அல்லது குளிர் அறையிலிருந்து வெளியே வந்தவுடன் பனி பிடித்திருக்கும். பனி என்றால் இரண்டு நிமிடம் பொறுத்தாலே சரியாகிவிடும். விடியற்காலையில் தறப்பாளுக்குக் கீழே வெளிச்சம் போதாது. டோர்ச்சைப் போட்டால் ஈரமான ஸ்டிக்கர் பளபளக்கும். போனைச் சற்றுச் சரித்துப் பிடியுங்கள்.

*எல்லாப் போனிலும், ஆனால் சில கூடைகள் மட்டும் என்றால்* கோட்டின்மேல் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். வன்னிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் வன்னீர். கழுவிக் காயும் ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பு மெல்லப் படியும். ஒரு சொட்டு வினாகிரி விட்டுத் துடைத்தால் கறுப்பு தெளிவாகத் தெரிகிறதா? அப்படியானால் காரணம் சுண்ணாம்புதான். ஒரு லீற்றர் தண்ணீரில் 50 கிராம் சித்திரிக் அமிலம் கரைத்து, பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். குளோரின் தண்ணீரோடு இதைக் கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும். அமிலத்தை முழுக்க அலசிய பிறகுதான் குளோரின் தொட்டி.

படலம் இல்லாமல் கறுப்பே மங்கியிருந்தால் அச்சைச் சோதியுங்கள். ஸ்டிக்கரை நகத்தால் வேகமாகக் கீறும்போது கறுப்புக் கோடு விழுந்தால், அது கடை பில் அடிக்கும் வெப்பத் தாள். வெயிலுக்கும் சுடுதண்ணீருக்கும் அது நிற்காது. சவர்க்காரத் துணியால் இருபது தரம் தேய்க்க மை கிளம்பினால் மெழுகு மை ரிபனில் அடித்தது. கூடைக்கு வேண்டியது பொலியெஸ்டர் ஸ்டிக்கரும் ரெசின் ரிபனும்தான். விலை கூட, ஆனால் கழுவலைத் தாங்குவது அதுதான்.

*எல்லாக் கூடையிலும் சிக்கல் என்றால்* கோட் வடிவமைப்பில் பிழை. எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் பண்ணுகிறீர்களோ அதில் பத்திலொரு பங்கு அகலம் வேண்டும்: 30 சென்ரிமீற்றருக்கு 3 சென்ரிமீற்றர். சுற்றிவர, கோட்டிலுள்ள சிறு கட்டங்கள் நான்கின் அகலத்துக்கு வெறும் வெள்ளை விடுங்கள். பிழைதிருத்த மட்டம் (கோட் எவ்வளவு சிதைந்தாலும் வாசிக்கலாம் என்பது) 25 வீதம் அல்லது 30 வீதமாக இருக்கட்டும். கோட்டுக்குள் இலக்கம் மட்டும் போதும். நீண்ட இணைய முகவரியை அடைத்தால் கட்டங்கள் பொடியாகி, ஒரு கீறலிலேயே கோட் செத்துவிடும்.

பால் கானில் இலக்கத்தை மூடியில் ஒட்டவே கூடாது. மூடிகள் கானுக்குக் கான் மாறும். மாறிய அன்றே கணக்கும் மாறிவிடும். உடலில், கைபிடிக்கு அருகே, வளைவு குறைந்த இடத்தில் சிறிய உலோகத் தகடு பொருத்துங்கள். கானைக் கோஸ்டிக் சோடாவால் கழுவும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அது அலுமினியத்தையே அரிக்கும். தகட்டிலுள்ள இலக்கமும் அதோடு போய்விடும்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* புதிய ஸ்டிக்கர், துடைத்த கமரா, நல்ல வெளிச்சம் மூன்றும் இருந்தும் வாசிக்கவில்லை என்றால் அச்சடித்தவரிடம் ஐஎஸ்ஓ 15415 தரச் சோதனை கேளுங்கள். சி தரத்துக்குக் கீழே வந்தால் முழுக் கட்டையும் திருப்பிக் கொடுக்கலாம்.

அறிகுறி 2: ஸ்டிக்கர் உரிகிறது

கூடையின் எச்டிபிஈ பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை பிடிக்காது. அந்தப் பிளாஸ்டிக்குக்கென்று பசை உண்டு, கேட்டு வாங்குங்கள். ஒட்டும் இடத்தை 70 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, உலரவிட்டு, ஒட்டி, நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்துங்கள். பிறகு 24 மணிநேரம் தண்ணீர் படக்கூடாது. பெரும்பாலும் உரிவது, காலையில் ஒட்டி மத்தியானம் கழுவிய ஸ்டிக்கர்தான். அடுக்கும்போது உரசும் விளிம்பைத் தவிர்த்து, எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே இலக்கத்தை இரண்டாக ஒட்டுங்கள்.

கூடையைத் துளைத்து ஆணி அடிக்க வேண்டாம். துளையில் அழுக்கும் கிருமியும் தங்கும். ஸ்டிக்கரில் ஒரு துண்டு குறைந்திருந்தால் அது மீனுக்குள் விழவில்லை என்று உறுதி செய்த பிறகே கூடையை அனுப்புங்கள். இலக்கத்தைக் கூடையோடு சேர்த்தே வார்த்தெடுப்பது நிரந்தரத் தீர்வு. அதைப் புதிய கூடை வாங்கும்போதுதான் கேட்க முடியும்.

அறிகுறி 3: ஒரு கூடையைத் தேடினால் இரண்டு லொட் வருகிறது, அல்லது பழைய லொட்டே நிற்கிறது

லொட் என்பது ஒரே இலக்கத்தின் கீழ் ஒன்றாகப் போகும் சரக்குத் தொகுதி. கூடையின் இலக்கம் மாறாது. உள்ளே இருப்பது நாளுக்கு நாள் மாறும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் நிரப்பியது, வெறுமையாக்கியது, கழுவியது என்று மூன்று பதிவு வேண்டும். நடுவில் உள்ளது விடுபட்டால் நேற்றைய பாரையும் இன்றைய சூடையும் ஒரே கூடையில் கிடப்பதாகச் சிஸ்டம் காட்டும். நேற்றைய பாரையில் பிழை என்று ஒருவர் சொன்னால் இன்றைய சூடையையும் சேர்த்துக் கொட்ட வேண்டிவரும்.

கூடையின் வரலாற்றைத் திறந்து கடைசிப் பதிவுகளைப் பாருங்கள்.

*"நிரப்பியது", மறுபடி "நிரப்பியது", நடுவில் ஒன்றுமில்லை.* இதுதான் அதிகம். கூடை வெறுமையாவது பேலியகொடை மீன் சந்தையில், நடுச்சாமத்தில். உங்கள் செயலி அங்கே யாரிடமும் இல்லை. அங்கே ஸ்கேன் பண்ணச் சொல்லிப் பயனில்லை. பதிவைக் கழுவும் இடத்து வாசலுக்குக் கொண்டுவாருங்கள். திரும்பி வரும் கூடையை அங்கே ஒரு தரம் ஸ்கேன் பண்ணினால் பழைய லொட் அவிழ்ந்து, கூடை "கழுவ வேண்டும்" நிலைக்கு வரட்டும். கழுவி வெளியே எடுக்கும்போது இன்னொரு ஸ்கேன்: "சுத்தம்". "சுத்தம்" இல்லாத கூடையை நிரப்பச் செயலி மறுக்க வேண்டும். இந்த ஒரு பூட்டைப் போட்டாலே இந்த அறிகுறியில் பெரும்பகுதி போய்விடும்.

செயலியில் பூட்டுப் போட முடியாதென்றால் கூடையையே அடையாளமாக்குங்கள். கழுவியது கவிழ்த்து, கழுவாதது நிமிர்த்து. செலவே இல்லை, இருட்டிலும் தெரியும்.

கழுவுபவரின் கை எப்போதும் ஈரம், அதோடு கையுறை. அவரிடம் போனைக் கொடுத்துவிட்டு ஸ்கேன் விடுபடுகிறது என்று குறைசொல்வது நியாயமில்லை. ஸ்கேனரை ஒரு ஸ்டாண்டில் நிரந்தரமாகப் பொருத்தி, கூடையை அதற்கு முன்னால் இழுத்துப் போகும்படி மேசையை வையுங்கள். கழுவலுக்கு 5 வீத ஹைப்போகுளோரைட் என்றால் லீற்றருக்கு 4 மில்லிலீற்றர். அது 200 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 200 பங்கு). அதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கொழுப்பை எடுக்காவிட்டால் குளோரின் வேலை செய்யாது.

*பத்துக் கூடை அடுக்கில் ஒன்பது இலக்கம்தான் வந்திருக்கிறது.* பக்கத்துக் கூடையை இரண்டு தரம் வாசித்திருக்கிறது. "பீப்" சத்தத்தை எண்ணாதீர்கள். திரையில் வித்தியாசமான இலக்கங்கள் எத்தனை என்று பாருங்கள்.

*ஒரே இலக்கம் கொக்கிளாயிலும் மாங்குளத்திலும் பத்து நிமிட இடைவெளியில்.* ஒரு கூடையால் அவ்வளவு தூரம் ஓட முடியாது. இரண்டு கூடைக்கு ஒரே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பிரிண்டர் தாள் சிக்கி மறுபடி அடித்தபோது பழையதை எறியாமல் விட்டால் இப்படி வரும். இரண்டுக்குமே புது இலக்கம் கொடுங்கள். ஒன்றுக்கு மட்டும் மாற்றினால் பழைய வரலாறு யாருடையது என்று கடைசிவரை தெரியாது.

*நண்டு தரம் பிரித்த பிறகு தடம் மறைகிறது.* தரம் பிரிக்கும் மேசையில் ஆறு கூடை கொட்டி நான்கு கூடை நிரப்பினால், எந்த நண்டு எதிலிருந்து வந்ததென்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நண்டையும் தொடர முயல வேண்டாம். மேசையையே லொட்டாக்குங்கள்: உள்ளே வந்த கூடைகள், வெளியே போன கூடைகள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம். மேசையைக் கழுவினால் அடுத்த லொட். லொட் எவ்வளவு பெரிதோ, பிழை வந்தால் திருப்பி எடுக்க வேண்டிய சரக்கும் அவ்வளவு. ஆகவே நாளுக்கு ஒரு மேசை லொட் என்று சோம்பலாக வைக்காதீர்கள். மூன்று நான்காகப் பிரிப்பது நல்லது.

*ஒரு கூடையில் பல படகு மீன்.* சிறு படகுகள் ஐந்து கிலோ, எட்டுக் கிலோ என்று கொண்டுவரும்போது இது தவிர்க்க முடியாதது. அந்த லொட்டில் கலந்த எல்லாப் படகின் பதிவு இலக்கத்தையும் எழுதுங்கள். அமெரிக்காவின் தடமறிதல் விதிப்படி, படகிலிருந்து தரையில் முதலில் வாங்குபவர்தான் லொட் இலக்கம் இடவேண்டும். ஏற்றுமதிக்குப் போகும் நண்டு என்றால் அந்த "முதல் ஆள்" பெரும்பாலும் வாடிதான். தொழிற்சாலையில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் படகின் பெயர் அங்கே போய்ச் சேராது.

*பால் தாங்கிக்குள் ஊற்றியதும் கானின் தடம் முடிகிறது.* தாங்கி ஒரு முறை நிரம்பி வெறுமையாகும்வரை ஒரு லொட். அதில் ஊற்றிய கான் இலக்கங்கள் அதன் பட்டியல். ஊற்றுமுன் கானிலிருந்து மாதிரி எடுத்து அதே இலக்கத்தை அந்தப் போத்தலிலும் எழுதி, தாங்கி சோதனையில் தேறும்வரை குளிரில் வையுங்கள். ஊற்றிய பிறகு எந்தக் கான் பிழை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

*மீன் வரத்து கூடிய நாளில் தடம் அறுகிறது.* கூடை போதாமல் ரெஜிபோம் பெட்டி எடுத்திருப்பார்கள். அதில் இலக்கம் இல்லை. முன்கூட்டியே இலக்கமிட்ட நீர்புகா அட்டைகள் ஒரு கட்டு கையில் வைத்திருங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* போனில் வரலாறு சரி, அலுவலகக் கணினியில் பிழை என்றால் மென்பொருள் செய்தவரைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது ஒரு கூடையின் இலக்கத்தையும், போன், கணினி இரண்டின் திரையையும் படமெடுத்ததையும் கொடுங்கள். "எல்லாம் பிழை" என்று சொன்னால் அவருக்குத் தேட இடமில்லை.

அறிகுறி 4: ஸ்கேன் ஆகிறது, ஆனால் "இந்த இலக்கம் இல்லை" என்கிறது

முதலில் எக்செல்லைச் சந்தேகியுங்கள். எக்செல் எண்ணில் 15 இலக்கம்தான் பிடிக்கும். 18 இலக்கப் பெட்டி எண்ணை ஒட்டினால் கடைசி மூன்றும் பூச்சியமாகும். முன்னால் உள்ள பூச்சியம் காணாமல் போகும். சில வேளை 4.79, அதன்பின் ஓர் எழுத்தும் கூட்டல் குறியும் என்று சுருங்கிக் காட்டும். அப்படியே சேமித்துவிட்டால் போன இலக்கம் திரும்பி வராது. செயலியிலிருந்து புதிதாக இறக்குங்கள். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, இலக்க நிரலை "உரை" என்று குறியுங்கள். தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாக வந்தால் அதே இடத்தில் யூடிஎஃப்-8 தெரிவுசெய்தால் போதும்.

சொந்தமாக இலக்கம் வகுப்பவர்கள் முன்னால் ஓர் ஆங்கில எழுத்து வைத்தால் இந்தத் தொல்லை வராது. ஆனால் எண்களுக்கு நடுவில் ஆங்கில "ஈ" வரக்கூடாது. எக்செல் அதைப் பத்தின் அடுக்காக எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது, கையால் தட்டச்சு செய்த இலக்கம். 1, 7 ஒன்றுபோல் தெரியும்; 6, 8 கறை பிடித்தால் மாறும். கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் (மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டது) சேர்த்தால் செயலியே பிழையைப் பிடிக்கும்.

ஜிஎஸ்1 என்ற சர்வதேச பார்கோட் இலக்க முறையில் மீளப் பயன்படும் கொள்கலனுக்கென்றே ஜிஆர்ஏஐ என்ற இலக்கம் உண்டு. 8003 என்ற அடையாளம், ஒரு பூச்சியம், 13 இலக்கம், அதன்பின் 16 எழுத்துவரை தொடரிலக்கம். இலங்கையில் பெற்றது என்றால் அந்த 13 இலக்கம் 479 என்று தொடங்கும். இங்கே வரும் பிழை நுட்பமானது. 96 பிட் ஆர்எஃப்ஐடி சிப்பில் (ரேடியோ அலையால் வாசிப்பது) தொடரிலக்கம் வெறும் எண்ணாகத்தான் ஏறும், முன்பூச்சியம் ஏறாது. ஸ்டிக்கரில் 000451, சிப்பில் 451 என்று இரண்டு கூடைபோல் காட்டும். தொடரிலக்கத்தை 100001 இலிருந்து தொடங்கினால் பிரச்சினையே இல்லை. ஏற்கனவே அடித்திருந்தால் மென்பொருளில் இரண்டையும் பொருத்தச் சொல்லுங்கள். கூடைகளை மறுபடி ஒட்டுவது அதைவிடச் செலவு.

அறிகுறி 5: விடியற்காலை மீன் நேற்றைய திகதியில் பதிவாகிறது

5.30க்கு முந்திய பதிவுகள் மட்டும் முதல்நாளில் விழுகின்றனவா? சேவையகம் உலக நேரத்தில் எழுதுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே ஓடுகிறது; காலை 4.50க்கு இறங்கிய மீன் அங்கே முதல்நாள் இரவு 11.20. கரையில் மீன் இறங்குவதே அந்த நேரத்தில் என்பதால் இது சிறு பிழை அல்ல. மென்பொருள் செய்தவரிடம் லொட் திகதியை இலங்கை நேரத்தில் கணிக்கச் சொல்லுங்கள்.

ஒரு போனில் மட்டும் என்றால் அதன் கடிகாரம் கையால் வைத்தது. தானியங்கி நேரத்துக்கு மாற்றுங்கள். பதிவுகளின் ஒழுங்கு தலைகீழாக இருந்தால் (கழுவுமுன் நிரப்பியதுபோல்), சிக்னல் இல்லாத இடத்தில் சேமித்த பதிவுகள் பிந்தி ஏறியிருக்கின்றன. பதிவேறிய நேரப்படி அல்ல, ஸ்கேன் பண்ணிய நேரப்படி வரிசைப்படுத்த வேண்டும். இரண்டு நேரமும் தனித்தனி நிரலாக இல்லாத செயலியை வாங்க வேண்டாம்.

அறிகுறி 6: கதவு வாசிப்பி கூடையைக் குறைத்து எண்ணுகிறது, அல்லது இல்லாததை எண்ணுகிறது

கதவு வாசிப்பி என்பது வாசலைக் கடக்கும் கூடைகளின் ஆர்எஃப்ஐடி சிப்பை ரேடியோ அலையால் வாசிக்கும் கருவி. வெறும் கூடை எல்லாம் வாசிக்கிறது, நிரப்பினால் குறைகிறது என்றால் காரணம் தண்ணீரும் ஐஸ்நீரும். அவை அந்த அலையை விழுங்கிவிடும். சிப்பை மேல் விளிம்பில், ஐஸ் மட்டத்துக்கு மேலே, வெளிப்புறமாகப் பொருத்துங்கள். பால் கானுக்கு உலோகத்தின்மேல் வேலை செய்யும் தனிச் சிப் வேண்டும். சாதாரணச் சிப்பை ஒட்டிப் பயனில்லை. முற்றத்தில் கிடக்கும் கூடைகளையும் எண்ணினால், தகரக் கூரையில் அலை தெறிக்கிறது: வலுவைக் குறைத்து, அன்டெனாவைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். நாளடைவில் மெல்ல மெல்ல மோசமானால் கடற்காற்றில் கேபிள் இணைப்பு துருப்பிடித்திருக்கும்.

ஐரோப்பியச் சாதனங்கள் 865–868, அமெரிக்கச் சாதனங்கள் 902–928 மெகாஹேட்ஸ். வெளிநாட்டிலிருந்து நேரே தருவித்ததை இயக்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். அலைவரிசை அமைப்பை மாற்றுவது நிறுவுநரின் வேலை. சில நூறு கூடைதான் இருக்கிறதென்றால் கதவு வாசிப்பி தேவையில்லை. அந்தக் காசுக்கு நல்ல ஸ்டிக்கரும் கழுவும் மேசையும் போடலாம்.

அறிகுறி 7: கூடைகள் திரும்பி வரவில்லை

களவு என்று முடிவுகட்டுமுன் கணக்குப் பாருங்கள். நாளுக்கு 60 கூடை போய், ஒன்று திரும்பிக் கழுவி ஆயத்தமாக 5 நாள் பிடித்தால் 300 கூடை எப்போதும் சுற்றில்தான் இருக்கும். 250 வாங்கிவிட்டுக் காணவில்லை என்று தேடினால் கிடைக்காது.

கணக்குச் சரியென்றால் வழமையான சுற்றைவிட இரண்டு மடங்கு நாள் ஸ்கேன் ஆகாத கூடைகளைப் பிரித்து, கடைசியாக யாரிடம் போனது என்று அடுக்குங்கள். ஒரே வியாபாரியிடம் குவிந்தால் அவர் கடையில் தேங்குகிறது: நிறைகூடைக்கு வெறுங்கூடை என்ற மாற்று ஒழுங்கோ, கூடைக்கு முற்பணமோ பேசுங்கள். எல்லாரிடமும் சிதறி இருந்தால் கூடை தொலையவில்லை, உங்கள் வாசலில் ஸ்கேன்தான் விடுபடுகிறது. அறிகுறி 3க்குத் திரும்புங்கள். தெற்குச் சந்தைகளில் வேலை செய்பவர்கள் பலர் தமிழ் வாசிக்கமாட்டார்கள். கூடையில் பெரிய இலக்கம், ஒரு நிறம், ஒரு குறி இருக்கட்டும். எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

திரும்பி வந்த கூடையில் மண்ணெண்ணெய் அல்லது பூச்சிகொல்லி மணம் இருந்தால் கழுவிப் பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக் அதை உறிஞ்சியிருக்கும். இலக்கத்தை நீக்கப்பட்டது என்று பதிந்து, கூடையை உடைத்துவிடுங்கள். உடைக்காமல் வெளியே வைத்தால் யாராவது மீன் போடுவார்கள்.

அறிகுறி 8: எடைக் கணக்கு ஒத்துவரவில்லை

உள்ளே வந்த கிலோவும் வெளியே போன கிலோவும் வேறுபட்டால் முதலில் கூடையின் வெற்று எடை. எல்லாக் கூடைக்கும் ஒரே சராசரி வைக்காமல் வகைக்கு வகை நிறுத்து எழுதுங்கள். பிறகு ஐஸ் தண்ணீர்: இரண்டு தடவையும் ஒரே அளவு நேரம், ஐந்து நிமிடம், வடியவிட்டு நிறுங்கள். அதன் பிறகும் வித்தியாசம் ஒரே பக்கமாகவே வந்தால் தராசு. அதைத் திறந்து திருத்த முயலாதீர்கள்; அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை காலாவதியாகியிருக்கிறதா என்று பார்த்து, அவர்களிடம் கொண்டுபோங்கள்.

அறிகுறி 9: வாங்குபவர் கேட்டு ஒரு நாளாகியும் பதில் கொடுக்க முடியவில்லை

ஐரோப்பிய ஒன்றியத்தின் 178/2002 ஒழுங்குவிதி, யாரிடமிருந்து வாங்கினாய், யாருக்குக் கொடுத்தாய் என்ற இரண்டையும் காட்டச் சொல்கிறது. அமெரிக்க விதி 24 மணிக்குள் வரிசைப்படுத்தக்கூடிய தாளாகக் கேட்கிறது. பிஆர்சி என்ற உணவுப் பாதுகாப்புத் தரச்சான்று வைத்திருக்கும் தொழிற்சாலைகளுக்கு 4 மணிதான். அவர்களிடமிருந்து கேள்வி வாடிக்கு வரும்போது அதில் பாதி நேரம் போயிருக்கும்.

ஒத்திகை பாருங்கள்: சென்ற வாரம் போன ஒரு கூடையின் இலக்கத்தை யாராவது எடுத்துத் தரட்டும். படகுகள், மேசை லொட், லொறி, வாங்கியவர், அதே லொட்டில் போன மற்றக் கூடைகள் எல்லாம் ஒரு மணிநேரத்தில் வர வேண்டும். எந்த இடத்தில் கொப்பியைப் புரட்டத் தொடங்குகிறீர்களோ அங்கேதான் அறுந்திருக்கிறது. ஒருவருக்கு மட்டுமே விடை தெரிகிறது என்றால் அதுவும் பிழைதான்; அவர் வராத நாளில் இன்னொருவரை வைத்து ஒத்திகை பாருங்கள்.

ஒத்திகையாக இல்லாமல் உண்மையிலேயே யாருக்காவது சுகமில்லாமல் போய்க் கேள்வி வந்தால், தடம் முழுமையாகும்வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகப்படும் லொட்டையும் அதற்கு முன், பின் லொட்டுகளையும் நிறுத்தி, வாங்கியவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லி, பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அன்றைக்கே அறிவியுங்கள். அந்தக் கூடைகளையும் அவர் பார்க்கும்வரை கழுவாமல் வையுங்கள்.